ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் மட்டும்

ஹார்டு டிஸ்க்கைச் செருகாவிட்டால் கம்ப்யூட்டர் ஓடியது. செருகினால், பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் விசிறிகூட அசையவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மறுபடியும் டிஸ்க்கைக் கழற்றினார், ஓடியது. செருகினார், செத்த மாதிரி கிடந்தது.

போர்டும் பவர் சப்ளையும் புதுசு. கேபினெட்டும் டிஸ்க்கும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை. அந்த டிஸ்க்குக்காகத்தான் இத்தனை பாடு. தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும் அவர் மனைவி மைக் முன்னால் உட்கார்ந்து, வீட்டில் அன்றாடம் பேசுகிற வாக்கியங்களையெல்லாம் பதிந்துவைத்தாள். ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போனது. பிறகு பழைய கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. புதியதில் ஒரு வரியைத் தொட்டால் அவள் குரலிலேயே அது பேச வேண்டும். இன்னொரு பிரதி எடுத்துவைக்க அந்தக் கலவரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சிலேட்டில் எழுதி நீட்டினாள். "லிஃப்டா இருந்தா, உள்ள மாட்டினவங்க இந்நேரம் தூங்கியே இருப்பாங்க."

"உன் நக்கலுக்கு மட்டும் ஆபரேஷன் பண்ணாம விட்டுட்டாங்க" என்றார். ஆனால் லிஃப்ட் என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. நடுவழியில் நிற்கிற லிஃப்டை எல்லாரும் திட்டுவார்கள். பெரும்பாலும் அது பழுதாகி நிற்பதில்லை. ஏதோ ஆபத்தைக் கண்டு, போக மாட்டேன் என்று நிற்கிறது. பவர் சப்ளையும் அப்படித்தான் மறுக்கிறதோ?

மீட்டரை எடுத்து டிஸ்க்கின் மின்முனைகளில் வைத்தார். ஐந்து வோல்ட் வரும் முனைக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டர் கூவியது. உள்ளே ஷார்ட். அதைப் பார்த்துத்தான் பவர் சப்ளை கதவடைத்துக்கொண்டது.

பழைய கம்ப்யூட்டரில் நன்றாக இருந்த டிஸ்க்கில் ஷார்ட் எங்கிருந்து வந்தது? கேபினெட்டின் பின்பக்கத்தைத் திறந்தார். பழைய பவர் சப்ளையின் ஒயர்கள், பல வருஷத்துக்கு முன் அவரே வரிசையாக அடுக்கிக் கட்டிய அழகோடு இருந்தன. கலைக்க மனசு வராமல், பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் மாற்றி அதே ஒயர்களைப் புதுப் பெட்டியில் செருகியிருந்தார். பிளக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. டிஸ்க் பக்கம் உள்ள பிளக் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான். பெட்டிப் பக்கம் முனைகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. புதுப் பெட்டியோடு வந்த ஒயரைப் பக்கத்தில் வைத்து முனை முனையாக அளந்தார். ஐந்து வோல்ட் போக வேண்டிய வழியில் பன்னிரண்டு வோல்ட் போயிருந்தது.

மீட்டரைக் கீழே வைத்தார். "நான்தான் கெடுத்தேன். பொருந்துதேன்னு செருகிட்டேன்."

அவள் எழுதினாள். "அப்ப அவ்வளவுதானா?"

"தெரியல."

அதை அழித்தாள். பிறகு எழுதினாள். "தெரியலன்னா இன்னும் பாருங்க."

டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சை போர்டைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். மின்சாரம் நுழைகிற இடத்தில் அரிசி அளவில் இரண்டு கறுப்பு டயோடுகள், ஐந்து வோல்ட் வழிக்கு ஒன்று, பன்னிரண்டு வோல்ட் வழிக்கு ஒன்று. அளவுக்கு மீறி வோல்ட் வந்தால் அதைத் தன் மேல் வாங்கி ஷார்ட்டாகி, பின்னால் இருப்பவற்றைக் காப்பதுதான் அவற்றின் வேலை. ஒன்றில் மீட்டர் அமைதியாக இருந்தது, இன்னொன்றில் கூவியது.

"இதை எடுத்துட்டா ஓடலாம். பின்னாடி இருக்கறதும் போயிருந்தா ஓடாது. கடையில குடுத்துடலாமா?"

அவள் மேஜை விளக்கைத் தூக்கிப் போர்டுக்கு மேல் பிடித்தாள். வெளிச்சம் ஆடவே இல்லை. சால்டரிங் அயர்ன் பட்டதும் டயோடு நழுவி வந்தது. மீட்டரை வைத்தார், கூவவில்லை.

போர்டை மாட்டி, புது ஒயரைச் செருகி, பட்டனை அழுத்தினார். விசிறி சுழன்றது. டிஸ்க் மெல்ல முனகி வேகம் பிடித்தது. முதல் பதிவைத் தொட்டார்.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

"இதோ" என்று எழுந்தே விட்டார். அவள் அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள், விடவில்லை.

காவல் டயோடு இல்லாத டிஸ்க்கை நம்பி வைத்திருக்கக் கூடாது என்று எல்லாப் பதிவுகளையும் உடனே இரண்டு இடங்களில் நகலெடுத்தார். செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஷார்ட்டான டயோடை எடுப்பது, பழைய ஒயரை நீக்கிப் புதுப் பவர் சப்ளைக்கு அதன் சொந்த ஒயரையே போடுவது.