வாசலில் சொன்ன வாங்க

பூதலிங்கத்தின் காதில் விழுந்த ‘வாங்க’ இன்னும் பூதலிங்கத்திடம் போய்ச் சேரவில்லை. அதனால் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

நின்றது என்றால் முறிந்துவிட்டது என்று பொருள் இல்லை. இருந்த இடத்தில் நின்றது. நாகஸ்வரக்காரர் எடுத்த மூச்சை விடாமல் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார். அவசரக்காரர் ஒருவர் முன்கூட்டியே தூவிய அட்சதை அந்தரத்தில் நின்றது. காப்பித் தட்டோடு வந்த சமையல் ஆள் அதில் இடித்துக்கொள்ளாமல் குனிந்து போனார். முகூர்த்த நேரம் மணமேடை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பெண்ணுக்கு அப்பா ஆவுடையப்பன். பூதலிங்கம் பெண்ணுக்குத் தாய்மாமன். ஆவுடையப்பனின் மனைவி பிரமநாயகிக்குத் தம்பி. தாய்மாமன் மாலை போடாமல் அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் மணமேடை ஏறியதில்லை. மாலை பூதலிங்கத்தின் கையில் இருந்தது. பூதலிங்கமோ மண்டப வாசலுக்கு வெளியே, வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றார்.

“நான் வாங்கன்னு சொன்னேம்லா வே?” என்றார் ஆவுடையப்பன்.

“சொன்னீக அத்தான்.”

“காதுல விழுந்துச்சா?”

“நல்லா விழுந்துச்சு.”

“பெறகு என்ன?”

“விழுந்துச்சு. வரல.”

“விழுந்தது எங்க போகும்?”

“உள்ள எங்கனயாவது இருக்கும். வந்தா நானே சொல்லுதேன்.”

பூதலிங்கம் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வராததைச் சொல்வது போலச் சொன்னார். அதுதான் ஆவுடையப்பனின் கழுத்து நரம்பைப் புடைக்க வைத்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். நாலு வார்த்தை தடித்திருக்கும். யாராவது சமாதானம் செய்து பந்திக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். மரியாதையாக நிற்கிறவனை என்ன செய்வது?

பிரமநாயகியின் தலை வாசல் வரை வந்தது. உடம்பு மணப்பெண் அறையில் மகளுக்குச் சடை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தது.

“இன்னொரு மட்டம் சொல்லுங்களேன். வாயி தேஞ்சா போவும்?”

“ரெண்டாம் மட்டம் சொன்னா மொத மட்டம் சொல்லலன்னு ஆயிரும்ளா.”

“ஆனா ஆயிட்டுப் போவுது.”

“எங்க குடும்பத்துல வாங்கன்னா ஒரு மட்டந்தான்.”

“நல்ல குடும்பம்” என்றது தலை. “பின்னி முடிச்சிட்டு வாறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் அடிச்சுக்கிடாம இருங்க.” தலை உடம்புக்குத் திரும்பிப் போனது.

ஆவுடையப்பன் சொன்னது வீம்பு இல்லை. அந்தக் குடும்பத்தின் வாங்கவுக்கு ஊரில் அப்படி ஒரு பேர் இருந்தது. அவருடைய அப்பா ரயிலடியில் ஒருவரைப் பார்த்து வாங்க என்றார். ரயில் கிளம்பிவிட்டது. அந்த மனிதர் பல வருஷம் கழித்து, அப்பா இறந்த பிறகு, அதே வாங்கவைக் கையில் பிடித்தபடி வந்து சேர்ந்தார். கை கழுவினார். சாப்பிட்டார். சொல் அப்போதும் சூடாகவே இருந்தது. அப்படிப்பட்ட வீட்டுச் சொல்லை இரண்டாம் முறை சொல்வதென்றால் அப்பாவின் படத்தைத் திருப்பி மாட்டுவதற்குச் சமம்.

ஆவுடையப்பன் சாட்சி தேடினார்.

முன்வரிசையில் கோமு அத்தை இருந்தாள். “நான் பூதலிங்கத்தை வாங்கன்னு சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா அத்தை?”

“எனக்குப் பேச்செல்லாம் நாக்குலதானப்பா எறங்கும்” என்றாள் அத்தை. “நீ சொன்னது எறங்குச்சு. உப்புக் கொஞ்சம் கம்மி.”

“உப்பை யாரு கேட்டா? சொன்னேனா இல்லியா?”

“கொழம்பும் அப்படித்தான் இருக்குமோன்னு பயந்துட்டேன்.”

அடுத்து மாப்பிள்ளையின் அப்பா சிவசைலம். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

“எனக்குப் பேச்சு ராகமாத்தான் கேக்கும் சம்பந்தி. சொல்லு வராது. நீங்க சொன்னது முகாரியில எடுத்து பூபாளத்துல முடிஞ்சுது. நான் தலையாட்டிட்டேன்.”

“அப்ப நிச்சயதார்த்தத்துல நான் பேசுனது?”

“அது நல்ல காம்போதி.”

“என்ன பேசுனேன்னு தெரியாமலா எம்பொண்ண எடுக்கச் சம்மதிச்சீரு?”

“காம்போதிக்கு மேல என்ன வேணும்?”

ஆவுடையப்பன் தோள் துண்டை உதறினார். ஆளுக்கு ஒரு மண்டை. சுத்தமான ஒரு சொல்லைச் சொன்னால் ஒருத்தி நக்கிப் பார்க்கிறாள், ஒருத்தர் தாளம் போடுகிறார், இன்னொருவர் காதில் வாங்கி வைத்துக்கொண்டு வரவில்லை என்கிறார். சொன்னவன் சொன்னபடி வாங்கிக்கொள்ள ஒரு பயல் இல்லை. இவர்களை நம்பியா அறுபது வருஷமாக வாயைத் திறந்துகொண்டிருந்தோம்?

அவர் வாசலுக்குத் திரும்பி வந்தார்.

“காதக் காட்டும்.”

“எதுக்கு அத்தான்?”

“உள்ள போயி எஞ்சொல்ல நானே பாத்துக்கிடுதேன்.”

பூதலிங்கம் மாலை கசங்காமல் தலையைச் சாய்த்துக் கொடுத்தார். “செருப்ப வெளிய போட்ருங்க அத்தான். உள்ள இப்பத்தான் கழுவி விட்ருக்கு.”

ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். குனியவில்லை. காதுதான் கொஞ்சம் உயர்ந்து கொடுத்தது.

உள்ளே முதலில் ஒரு பெரிய கூடம். காலையிலிருந்து விழுந்த சத்தமெல்லாம் அங்கே நெல் போலக் குவிந்து கிடந்தது. ஜெனரேட்டர் சத்தம், தவில், யாரோ சாவியைத் தேடிய சத்தம், குழந்தை அழுகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முறத்தில் அள்ளிப் புடைத்தார்கள். இரைச்சல் பறந்து சுவரோரம் ஒதுங்கியது. பேச்சு முறத்தில் தங்கியது.

“வாங்கன்னு ஒண்ணு வந்துச்சா?” என்று அதட்டினார்.

புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. “வந்துச்சு. முழு வாங்க. ஒடசல் இல்ல. மேல அனுப்பியாச்சு.”

“கேட்டுக்கிடுங்க!” என்றார் ஆவுடையப்பன். கேட்டுக்கொள்ள அங்கே யாரும் இல்லை. “ஒடசல் இல்லியாம்!”

“சத்தம் போடாதீக. திரும்பவும் எங்களுக்குத்தான் வேல.”

கூடத்துக்குப் பின்னால் நடைவழி. அதன் முடிவில் ஒரு கதவு தெரிந்தது. அவர் விறுவிறுவென்று நடந்தார். கதவு நெருங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நடைவழி இன்னும் நீண்டது.

சுவரில் சாய்ந்து நின்ற ஒரு ஆள், “கோவத்தோட நடந்தா நீளும்” என்றார்.

“எனக்குக் கோவம் இல்ல.”

நடைவழி ஒரு தெரு அளவு நீண்டது.

கோபத்தை அடக்க ஆவுடையப்பனுக்குத் தெரியாது. அடக்க வேண்டிய தேவை எப்போதும் அடுத்தவர்களுக்குத்தான் இருந்தது. ஆகவே அவர் முழுத் தூரத்தையும் நடந்தே கடந்தார். வேர்வையில் வேட்டி நனைந்தது. முதுகு வளையவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் கட்டுக்குடுமி வைத்த ஒருவர் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்.

“என் வாங்க எங்க வே?”

“இருக்கு.”

“அதுக்கு அர்த்தம் தெரியுமா உமக்கு?”

“உள்ள வரச் சொல்லுதது. பச்சப் புள்ளைக்குந் தெரியும்.”

“பெறகு ஏன் அவர்ட்ட போயிச் சேரல?”

“யாருக்குன்னு தெரியல.”

“பூதலிங்கத்துக்கு!”

“நீங்க சொல்லுதீக. அது சொல்லலியே.” கட்டுக்குடுமி வெற்றிலையை மடித்தார். “அந்தா உக்காந்திருக்கு. நீங்களே கேளுங்க.”

சுவரோரம் ஒரு நீள பெஞ்சு. பெஞ்சின் நுனியில் ஆவுடையப்பனின் வாங்க உட்கார்ந்திருந்தது. அவருடைய சாயல்தான். அதே பட்டுக்கரைத் துண்டு, அதே நிமிர்ந்த முதுகு. கை இரண்டும் ஒழுங்காகக் கூப்பியிருந்தது. முகம் மட்டும் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வாசலுக்கு வெளியே, தெருவில், யாரோ ஒருவரின் பெரிய கார் வந்து நிற்பதைப் பார்ப்பது போல.

“வாங்க” என்றது அது, சுவரைப் பார்த்து.

“இங்க பாரு” என்றார் ஆவுடையப்பன்.

“வாங்க” என்றது, சுவரைப் பார்த்து.

அவர் அதன் தாடையைப் பிடித்துத் திருப்பினார். திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். கழுத்து நல்ல தேக்கில் செய்தது போல நின்றது. அந்த உறுதி அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

“சொல்லுதானவே முக்கியம்? மூஞ்சி எதுக்கு?” என்று மேசைப் பக்கம் கத்தினார்.

“இந்த மண்டையில மூஞ்சி பாத்துத்தான் உள்ள விடுவோம். வேற மண்டையில வேற மாதிரி. உங்க மண்டையில எப்படி?”

“எங்க மண்டையில சொன்னாச் சொன்னதுதான்.”

“யாரு சொன்னா?”

“நாஞ்சொன்னா.”

கட்டுக்குடுமி தலையசைத்தார். “அது வேல கம்மி.”

அப்போதுதான் ஆவுடையப்பன் பெஞ்சின் மற்ற பக்கத்தைப் பார்த்தார். பெஞ்சு முடியவே இல்லை. அதில் நெருக்கமாக அவருடைய வாங்கக்கள் உட்கார்ந்திருந்தன. கிரகப்பிரவேசத்தில் சொன்னது. மகளுக்குக் காது குத்தியபோது சொன்னது. ஒவ்வொரு தீபாவளியும் சொன்னது. கறுப்பு மீசையோடு சில இருந்தன, நரைத்த மீசையோடு சில. எல்லாம் நல்ல உடை உடுத்தியிருந்தன. எல்லா முகமும் பக்கவாட்டில் திரும்பியிருந்தன.

“இவ்வளவும் இங்கனயா கெடக்கு?”

“ஆமா.”

“பொய்யி! அவரு எல்லாத்துக்கும் வந்தாரு. ஒண்ணு விடல. பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு. வாங்க கெடைக்காமத்தான் வந்தாரா?”

“அக்கா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவா” என்றார் கட்டுக்குடுமி. “சொல்லு எதுக்கு? இன்னைக்கு அவளுக்குக் கையில வேல.”

ஆவுடையப்பனுக்கு இதைக் கேட்டதும் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. பிரமநாயகி மீது எரிந்தது. தன் வீட்டு வாசலில், தன் முதுகுக்குப் பின்னால், இத்தனை வருஷமும் ஒருத்தி கள்ளத்தனமாக விருந்தாளியை உள்ளே கடத்திக்கொண்டிருக்கிறாள். இவர் சொன்ன சொல்லால்தான் எல்லாரும் வந்தார்கள் என்று இவரை நம்பவைத்திருக்கிறாள். கேட்டால் சிரிப்பாள். நடைவழி எங்கோ பின்னால் மளமளவென்று நீளும் சத்தம் கேட்டது.

“அவரு எங்க?” என்றார். “உள்ள இருக்கவரு. நேரா கேக்கேன்.”

அடுத்த அறைக்குக் கதவு இல்லை, நிலைப்படி மட்டும் இருந்தது. அங்கே ஒரு மர நாற்காலியில் பூதலிங்கம் உட்கார்ந்திருந்தார். வெளியே நிற்கிறவரை விடச் சின்னவர். மடியில் அதே மாலை. பார்வை நிலைப்படியில் இருந்தது. ரொம்ப நாளாக அப்படி இருப்பவர் போலத் தெரிந்தது.

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். நாக்கு நுனியில் வாங்கதான் இருந்தது. சொன்னால் அது இரண்டாம் தடவை ஆகிவிடும். வாயை மூடினார்.

அந்த நேரத்தில் தூரத்தில் காது வாசலில் ஒரு குரல் விழுந்தது.

“ஏல தம்பி, இங்கனயா நிக்கே? கையில தாம்பாளம் இருக்கு, புடிச்சு இழுக்க முடியாது. உள்ள வாடே.”

முறத்தோடு இருந்த பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். ஒரு ‘வாடே’ நடைவழியில் ஓடி வந்தது. தலை கலைந்திருந்தது. கையில் மஞ்சள் கறை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தது. முகம் முழுக்க விரியத் திறந்து நேர் எதிரே பார்த்தது. நடைவழி அதற்கு நாலடி தூரமாகச் சுருங்கிக் கொடுத்தது. கட்டுக்குடுமி அதை நிறுத்தவில்லை, வெற்றிலையைக் கன்னத்தில் அதக்கியபடி கைகாட்டினார். அது ஆவுடையப்பனின் தோளில் இடித்துக்கொண்டு நிலைப்படி தாண்டி உள்ளே போனது.

பூதலிங்கம் எழுந்தார்.

“இதுக்கா எந்திக்கீரு?” என்று கத்தினார் ஆவுடையப்பன். “ஒரு வாடே! மாடு பத்துததுக்குச் சொல்லுத மாதிரி ஒரு வாடே! என் வாங்க அங்க பட்டுக்கரைத் துண்டோட உக்காந்திருக்கு. மரியாதன்னா என்னன்னு தெரியுமாவே உமக்கு?”

“மூஞ்சி இருந்துது அத்தான்” என்றார் பூதலிங்கம்.

மாலையை உதறி நீவிக்கொண்டார். நிலைப்படிக்கு வந்து நின்றார். புறப்படுகிறவர் ஒரு கணம் திரும்பி ஆவுடையப்பனின் கண்ணை நேராகப் பார்த்தார்.

“நீங்களும் வாங்க அத்தான்.”

சொல்லிவிட்டு நடந்தார்.

வெளியே நாகஸ்வரக்காரர் மூச்சை விட்டார். தவில் பிடித்துக்கொண்டது. அட்சதை விழும் சத்தம் மழை தொடங்குவது போல மண்டையோட்டின் மேல் கேட்டது. கூடத்துப் பெண்கள் அவசரமாக முறத்தை எடுத்தார்கள். எல்லாச் சத்தத்துக்கும் நடுவே சிவசைலத்தின் குரல் கேட்டது. “பொண்ணுக்கு அப்பா எங்க?”

“உள்ளதான் இருக்காக” என்றாள் பிரமநாயகி.

ஆவுடையப்பன் இன்னும் நிலைப்படியில் நின்றார். கால் எடுத்து வைக்கலாம். முறைப்படி அழைக்கப்படாமல் அந்தக் குடும்பத்தில் யாரும் எங்கேயும் போனதில்லை.

பெஞ்சில் இருந்தவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அவருக்கு இடம்விட்டன. அவர் நுனியில் உட்கார்ந்தார். சுவரில் சாயவில்லை. துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

கட்டுக்குடுமி மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“அவரு சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

“வந்துச்சா?”

ஆவுடையப்பன் சுவரைப் பார்த்தார்.

“வந்தா நானே சொல்லுதேன்.”