நன்றியுரைப் பக்கம்

என் நாவலை முழுதாக வாசித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் எருக்கலம்பிட்டிச் சனூன். மற்றவர் ஆமி முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சனூன் விருப்பத்துக்கு வாசித்தார், மற்றவர் சம்பளத்துக்கு வாசித்தார். மிச்ச ஊர் முழுக்க வாழ்த்திப் பேசிவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டியது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு நடந்தது இது. என் பெயர் அம்புறோஸ், ஊர் தோட்டவெளி, வேலை தபால் கந்தோரில். புத்தக அட்டையில் மட்டும் என் பெயர் கரைவாணன். காலம் அப்படி. எழுதுகிறவனுக்கு இரண்டு பெயர் இருப்பது நல்லது என்று எனக்கு நானே புத்தி சொல்லிக்கொண்டேன்.

கொழும்பில் மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். இரண்டு திரும்பி வந்தன. மூன்றாவது திரும்பியும் வரவில்லை. சரி, யாருடைய காலிலும் விழத் தேவையில்லை என்று நானே பதிப்பாளன் ஆனேன். நானே பிழை பார்த்தேன், நானே கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றி இறக்கினேன். அச்சடித்தது செல்வநாயகம். கலியாணக் கார்டும் நினைவு மலரும் அடிக்கிற சின்ன அச்சகம் அவருடையது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் என் நாவல் நின்றுவிடும். கேட்டால், “செத்தவருக்கு முப்பத்தொண்டு எண்டு ஒரு நாள் இருக்கு. உங்கட கதைக்கு என்ன நாள் இருக்கு?” என்பார். அந்த வருஷம் சாவுக்குக் குறைவில்லை. நூற்றறுபது பக்கம் அடித்து முடிய பதினாலு மாதம் போனது.

நாவலின் பெயர் ‘ஐந்தாம் தீடை’. இரவில் சனங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் இந்தியப் பக்கத்துக் கடலில் மேடிட்டுக் கிடக்கும் மணல்தீடையில் இறக்கிவிட்டு வருகிற ஒருவனின் கதை. நான் படகில் ஏறினால் சத்தியெடுக்கிறவன். கதையைச் சொன்னது மரியதாஸ். ஓலைத்தொடுவாயில் இருந்தான். என் சின்னையாவின் மகள் சிசிலியாவைக் கட்டியவன், எனக்கு மச்சான் முறை. அவன் செய்து கொண்டிருந்ததைத்தான் சொன்னான். பிடிபட்டால் எத்தனை வருஷம் உள்ளே என்று யாருக்கும் தெரியாத காலம்.

“எழுது மச்சான். எழுதத்தான் வேணும். ஆனா என்ர பேர் ஒரு இடத்திலயும் வரப்படாது. எனக்கு மூண்டு பிள்ளையள்” என்றான்.

செபஸ்தியார் மேல் சத்தியம் பண்ணினேன். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். படகின் நிறத்தை மாற்றினேன். ஓலைத்தொடுவாயை இல்லாத ஒரு ஊராக்கினேன். மரியதாஸைச் சூசை ஆக்கி, இடது காலை நொண்டியாக்கி, கலியாணம் முடிக்காதவனாக்கினேன். கதைக்குள் அவனை அவனுடைய தாயே அடையாளம் காணமாட்டாள்.

பிறகு கடைசித் தாள் வந்தது. எங்கள் பக்கத்தில் சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் நன்றியுரை எழுதாமல் விடுவதில்லை. ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் முகம் பார்க்காது. வாழ்த்துரை தந்த அதிபர், மண்டபம் தந்த ஃபாதர், அட்டைப்படம் கீறிய பிரான்சிஸ்கா ரீச்சர், செல்வநாயகம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். ஏழாவதாக எழுதினேன்: ‘கடல்வழிகளையும் தீடைகளையும் இரவிரவாகச் சொல்லித்தந்த ஓலைத்தொடுவாய் மரியதாஸ் அவர்களுக்கு.’

எப்படி எழுதினாய் என்று கேட்பீர்கள். மறந்துபோனேன் என்றுதான் சொல்லவேண்டும். நன்றியுரையை நான் கதையின் ஒரு பக்கமாக நினைக்கவேயில்லை. அது மரியாதை. மரியாதை செய்யும்போது ஒருவனின் பெயரை மாற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் பெயரை மாற்றத் தோன்றியிருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

வெளியீட்டு விழா ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு நடந்தது. ஆறு பேர் பேசினார்கள். ஒருவர் என் நாவலை அருமையான கவிதைத் தொகுதி என்றார். எல்லோரும் வரிசையில் வந்து பிரதி வாங்கிப் படம் எடுத்தார்கள். மரியதாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசிக் கதிரையில் இருந்தான். அவன் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். புத்தகத்தைச் சிசிலியாவிடம் கொடுத்து, “கவனமா வை” என்றான்.

மூன்று கிழமை கழித்துச் சனூன் தபால் கந்தோருக்கு வந்தார். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு துரத்தப்பட்டுப் புத்தளத்தில் ஆறு வருஷம் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டிருந்தவர். முத்திரை வாங்குவதுபோல நின்று, மற்ற ஆட்கள் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல கதை. ரெண்டு தரம் வாசிச்சன். ரோசலின் தண்ணிக்குள்ள இறங்கிற இடத்தில எனக்குக் கண் கலங்கிட்டுது” என்றார்.

என் நெஞ்சு நிறைந்தது. அதை அவர் நிறைய விடவில்லை.

“கதைக்குள்ள பேரெல்லாம் மாத்தி மறைச்சிருக்கிறீங்க. கடைசித் தாளில என்ன வேலை பார்த்திருக்கிறீங்க, அம்புறோஸ்? அந்த மனுசன்ர வீட்டுக்கு வழி எழுதிக் குடுத்தமாதிரி இருக்கு.”

அன்றைக்கே லீவு போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அடித்தது இருநூறு. வீட்டில் விற்காமல் கிடந்த தொண்ணூற்றிரண்டிலும் கடைசித் தாளைக் கிழித்தேன். மிச்சத்துக்கு வீடு வீடாகப் போனேன். தாளின் பின்பக்கத்தில் பிழைதிருத்தம் இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. “பிழைதிருத்தத்திலயே ஒரு பிழை. புதுத்தாள் பிறகு கொண்டுவந்து ஒட்டிவிடுறன்” என்று சொல்வேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. வாழ்த்துரை தந்த அதிபரின் வீட்டில் புத்தகம் நான் சுற்றிக் கொடுத்த கடதாசியோடேயே இருந்தது. பிரான்சிஸ்கா ரீச்சர் ரேடியோவுக்குக் கீழே வைத்திருந்தா. முருங்கன் வரைக்கும் போனேன், பாஸ் எடுத்து, செக் பொயின்ற்றில் இறங்கி ஏறி. எந்த வீட்டிலும் புத்தகத்தின் முதுகு மடங்கியிருக்கவில்லை. பக்கங்கள் மையோடு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. என் வாழ்க்கையில் அவமானமும் ஆறுதலும் ஒரே வாசலில் வந்தது அந்தக் கிழமைதான்.

மரியதாஸின் வீட்டில் அந்தோனியார் சுருபத்துக்குப் பக்கத்தில் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார்கள். சிசிலியா எடுத்துத் தந்தாள். நான் தாளைக் கிழித்தபோது மரியதாஸ் வலையிலிருந்து தலை நிமிர்த்தினான்.

“என்ன மச்சான் கிழிக்கிறாய்?”

“ஒரு பிழை வந்திட்டுது.”

“என்ர பேர் இல்லைத்தானே உதில?”

“இல்லை” என்றேன். தாள் என் சட்டைப்பைக்குள் இருந்தது. அந்த நிமிஷத்தில் நான் சொன்னது உண்மை.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு முடிந்தது. மிச்சம் இரண்டு. கொழும்பு வாரப் பத்திரிகை ஒன்றுக்கு மதிப்புரைக்காக நானே பொதிசெய்து, நானே முத்திரை குத்தி அனுப்பியவை. மதிப்புரை வேண்டுமென்றால் இரண்டு பிரதி அனுப்பவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம்.

“கொழும்புக்குப் போனதுகள்?” என்று சனூன் கேட்டார்.

“எழுதிப் போட்டனான். மதிப்புரை வேண்டாம், திருப்பி அனுப்புங்கோ எண்டு.”

எழுதியது உண்மை. உறையில் போட்டு முத்திரையும் ஒட்டினேன். பிறகு மேசை லாச்சிக்குள் வைத்தேன். தபால் பைக்கும் என் கைக்கும் நாலடி தூரம். நாளைக்குப் போடலாம் என்று ஒரு நாள், நன்றியுரையை எந்த விமர்சகன் வாசிக்கப்போகிறான் என்று இன்னொரு நாள். உண்மையைச் சொல்வதானால், எனக்கு அந்த மதிப்புரை வேண்டியிருந்தது. பதினாலு மாதம் அச்சு ஈயத்தோடும் இருபது வருஷம் கடதாசியோடும் மாரடித்தவனைப் பற்றி, அவனைத் தெரியாத யாராவது ஒருவர் நாலு வரி எழுதவேண்டும் என்று ஆசையாக இருந்தது.

எழுதினார்கள். ஞாயிறு பத்திரிகை எங்கள் கைக்குச் செவ்வாய்தான் வரும். சனூனின் கடையில் நின்று விரித்தேன். அரைப் பக்கம், அட்டைப்படத்தோடு. கதாநாயகி ரோசலினை அந்த விமர்சகர் ரெஜினா என்று எழுதியிருந்தார். சூசை கடைசியில் செத்துப்போகிறான் என்றும் எழுதியிருந்தார். என் கதையில் அவன் சாகவில்லை. ஆனால் கடைசிப் பந்தி இப்படி இருந்தது: ‘இரவிரவாகத் தீடைகளுக்குப் போய்வரும் ஓலைத்தொடுவாய் மரியதாஸ் என்னும் படகோட்டியின் அனுபவங்களே இந்நாவல். இதில் ஒரு வரிகூடக் கற்பனையல்ல.’

ஆறேழு தரம் வாசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் தரம் வாசித்தபோது மரியதாஸின் பெயர் என் கண்ணில் படவில்லை. ஒரு வரிகூடக் கற்பனையல்ல என்பதுதான் பட்டது. சனூன் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி அந்தப் பெயரில் விரலை வைத்தார்.

“எழுதிப் போட்டனான் எண்டு சொன்னீங்க” என்றார். அவர் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

ஓலைத்தொடுவாய்க்கு மிதித்தேன். பிந்திவிட்டேன். முகாமில் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதற்கென்றே ஆள் இருந்தார், அவருக்கு ஞாயிறே வந்திருக்கும் போல. காலையிலேயே ஆமிக்காரர் வந்து மரியதாஸைக் கொண்டுபோய்விட்டார்கள். சிசிலியா வாசலில் நின்றாள்.

“அண்ணா, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போட்டாங்கள். நீங்கள் வந்து சொல்லுங்கோ, எல்லாம் பொய்க்கதை எண்டு. எழுதின ஆள் சொன்னா விடுவாங்கள்தானே?”

போனேன். இதையாவது செய்தேன். மூன்றாம் நாள்தான் என்னை முகாமுக்கு உள்ளே விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, பக்கத்தில் கண்ணாடி போட்ட மொழிபெயர்ப்பாளர். மேசையில் மரியதாஸின் பிரதி. நான் கிழித்த இடத்தில் ஒரு ஓரம் பல்லுப்பல்லாக நின்றது.

“கரைவாணன் நீங்களோ?” என்றார் மொழிபெயர்ப்பாளர். “ரெண்டு இரவு இருந்து முழுக்க வாசிச்சன். நல்லா எழுதியிருக்கிறீங்கள்.”

“எல்லாம் கற்பனை, சேர்.”

“பேப்பரில அப்படிப் போடேல்லையே.”

“அதை எழுதினவர் புத்தகத்தை வாசிக்கவே இல்லை, சேர். ரோசலின்ர பேரே பிழை. சூசை சாகிறதும் இல்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்திட்டு எழுதியிருக்கிறார்.”

“எந்தக் கடைசிப் பக்கம்?” புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். “இதையோ? கற்பனை எண்டால் இந்தத் தாளை ஏன் கிழிச்சனீங்கள்?”

நாவல் எழுதுகிறவனுக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் வரவில்லை. அவர் சிங்களத்தில் அதிகாரிக்குச் சொன்னார். அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு சொல் சொன்னார்.

“நீங்கள் போகலாம். சேருக்கு வேண்டியது படகு ஓடினவன்தான். எழுதினவன் தேவையில்லையாம்” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

இரண்டு வருஷமாகிறது. மரியதாஸ் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான். இன்னும் வழக்கு வைக்கவில்லை. எழுத்துக் கூட்டி எழுதுகிற கடிதம் மாதத்துக்கு ஒன்று வரும், உறை பிரித்து வாசித்து ஒட்டப்பட்டு. நான்தான் முத்திரை குத்தி எடுத்து வைப்பேன். சிசிலியா வந்து வாங்குவாள். முன்பு என்னை அண்ணா என்று கூப்பிட்டவள் இப்போது எல்லோரையும் போல வரிசையில் நின்று, “கடிதம் இருக்கோ?” என்று மட்டும் கேட்பாள்.

என் லாச்சியில் அந்த அனுப்பாத கடிதம் முத்திரையோடு இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே மதிப்புரையை வெட்டி வைத்திருக்கிறேன். என் எழுத்தைப் பற்றி வந்தது அது ஒன்றுதான். நூற்றுத் தொண்ணூற்றெட்டுத் தாள் கிழித்த கை இது. அந்த ஒரு துண்டைக் கிழிக்க மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.