எட்டு மார்க் வாங்கிய ஆரஞ்சுத் தைலம்

தபால் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவருக்குத் தெருவில் இப்போது ஒரே பெயர்தான், மூக்குக்காரர். வீட்டுப் பின்னறையில் அவர் மனைவி பூ, வேர், பழத்தோல் இவற்றின் எண்ணெய்களைக் கலந்து வாசனைத் தைலம் செய்கிறாள். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்கெல்லாம் அவள் மூக்கு மரத்துப்போகும். அதனால் வீட்டில் ஒரு சட்டம். அவர் வெளியே இரண்டு சுற்று நடந்து, நல்ல காற்று வாங்கி வந்து, அவள் தைலத்தில் நனைத்து நீட்டும் காகிதப் பட்டையை முகர்ந்து பத்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். ஏழுக்குக் கீழே என்றால் அந்தக் கலவை வாசல் தாண்டாது.

ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவள் மேஜைக்கு எதிரே அவருக்கென்று ஒரு நாற்காலி. அதில் கால்மேல் கால் போட்டு உட்காரும்போது கலெக்டர் தோற்றார்.

தைலத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பித்து. "கடையில விக்கிற சென்ட் நமக்கு முன்னாடி தெருமுனைக்குப் போய் நிக்கும். இது அப்படியில்ல, கிட்ட வர்றவங்களுக்கு மட்டும்தான்" என்பார். பூசியதும் எலுமிச்சை, அரைமணியில் பூ, அப்புறம் கட்டை வாசம். ஆளுக்கு ஆள் வேறு மாதிரி மணக்கும். குறையும் இல்லாமல் இல்லை. சிலர் உடம்பில் மத்தியானத்துக்குள் காணாமல் போய்விடும். வெள்ளைச் சட்டையில் கறை போடும். போன மாதம் வாங்கியது மாதிரி இந்த மாதம் இராது. அதற்கும் அவரிடம் பதில் தயார். "மழை பெஞ்ச வருஷத்துப் பூவும் காஞ்ச வருஷத்துப் பூவும் ஒண்ணா இருக்குமா?"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஒரே காய்ச்சல் பத்து நாள் படுக்கப் போட்டது. எழுந்து வந்த முதல் நாள், அவள் பட்டையை நீட்டினாள். அவர் முகர்ந்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். வெறும் காகிதம்! அவருக்குப் பகீரென்றது.

"எப்படிங்க இருக்கு?"

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாற்காலி போச்சு. செய்தித்தாளை வரிவிளம்பரம் விடாமல் படிக்கும் பிழைப்பு திரும்பி வரும். அவளோ வேறு யாரிடமோ பட்டையை நீட்டிக்கொண்டிருப்பாள். 

"எட்டு" என்றார். அவள் முகம் மலர்ந்தது.

அன்றிலிருந்து அவர் முகர்ந்தது பட்டையை, படித்தது அவள் முகத்தை. புருவம் தளர்ந்திருந்தால் எட்டு. சுருங்கியிருந்தால் ஆறு. இப்படியே ஒன்றரை மாதம் ஓட்டினார் என்றால் அவர் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது! வாங்கிப்போனவர் யாராவது வந்து முகம் சுளித்தால் மழைவருஷத்துப் பூ கைகொடுத்தது. "ஆமா, இயற்கைன்னா அப்படித்தான்" என்று உள்ளிருந்து அவளும் ஒத்து ஊதினாள். பாவம், நம்மை எவ்வளவு நம்புகிறாள் என்று அவருக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை, அவர்களிடம் தைலம் வாங்கும் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் புயல் மாதிரி உள்ளே வந்தாள். கையில் ஒரு குப்பி. எண்ணெய் கசிந்து அதன் லேபிள் உரிந்து போயிருந்தது.

"சார், இதை மோந்து பாருங்க. பெயிண்ட் கடை மாதிரி இருக்கு. கிளாஸ்ல பிள்ளைங்க எழுந்து ஜன்னலைத் திறந்துட்டாங்க."

"அது வந்து டீச்சர், மழை பெஞ்ச வருஷத்துல..."

"மழையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். இது எந்தத் தைலம்? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் முகர்ந்துவிட்டு மனைவியைப் பார்த்தார். மனைவி முகர்ந்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் புருவத்தைச் சுருக்கினார், அவளும் சுருக்கினாள். பரீட்சை ஹாலில் எத்தனை பேரைப் பிடித்தவள் டீச்சர்! அவளிடமா நடக்கும்?

"ஒருத்தர் மூஞ்சியைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிக்கிறீங்களா? திரும்பி உக்காருங்க ரெண்டு பேரும்!"

முதுகோடு முதுகாக உட்கார வைத்து ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தாள். அவர் எதையோ எழுதினார்.

"சார் மல்லிகைங்கிறார். அக்கா கிராம்புங்கிறாங்க. நான் வாங்கினது ஆரஞ்சு."

அவர் சட்டென்று திரும்பினார். "கிராம்பா? அப்ப உனக்கும்...?"

"காய்ச்சலுக்கு அப்புறம் ஒரு மண்ணும் தெரியலைங்க." அவள் கண் கலங்கியது. "சொன்னா வேலையை நிறுத்துன்னுடுவீங்களோன்னு பயம். உங்க மார்க்கை நம்பித்தான் ஓட்டிட்டேன்."

"நான் உன் மூஞ்சியைப் பார்த்துல்ல மார்க்கே போட்டேன்!"

முதலில் சிரித்தது டீச்சர்தான். அப்புறம் மனைவி. கடைசியில் அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜையில் சாய்ந்தார். ஆரஞ்சு எண்ணெய் சீக்கிரம் கெடும். கெட்டதுதான் எட்டு மார்க்கோடு ஊருக்குள் போயிருந்தது.

விற்ற குப்பிகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு வேலையை நிறுத்தினார்கள். தினமும் காலையில் எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் நான்கையும் விடாமல் முகரச் சொன்னார் டாக்டர். எதிரெதிரே உட்கார்ந்து முகர்ந்தார்கள்.

"உனக்கு?"

"ம்ஹூம். உங்களுக்கு?"

"ம்ஹூம்."

இனிப் பொய் இல்லை என்பதில் அவருக்கு நிம்மதிதான். ஆனால் சும்மா இருக்கத் தெரியாத அவள் கைகள் மடியில் கிடப்பதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. மூக்கு திரும்பவே திரும்பாதோ என்று இருவருக்கும் உள்ளூர உதைத்தது.

நாற்பதாம் நாளோ என்னவோ, எலுமிச்சைத் துண்டை மூக்கருகே வைத்தவர் முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன, கருகின மாதிரி வருது?"

"எலுமிச்சை எப்படிங்க கருகும்?"

அவர் எழுந்து நின்றார். நன்றாக இழுத்தார். சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"அடியே, பால்! அடுப்புல பால் கருகுது!"

அவள் ஓடவில்லை. அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

"கருகுதுடி, போய் அணை!"

"கருகட்டும்! நல்லாக் கருகட்டும்!" அழுகையும் சிரிப்புமாக அவரைப் பிடித்து உலுக்கினாள். அவர் ஒரு கையால் அவளை அணைத்தபடியே சமையலறைக்கு இழுத்துப் போய், மறு கையை எட்டி ஒரு வழியாக அடுப்பை அணைத்தார். வீடு பூராவும் புகை.

அடுத்த வீட்டுக்காரி ஜன்னலைத் தட்டினாள். "அக்கா, என்னக்கா தீயுது?"

"எங்க வீட்டுக்காரருக்கு மூக்கு வந்துடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் அவள்.