நாய்க்குடையும் குடைதான்

உலகத்தில் குடை என்று பேர் வாங்கிய எதுவும் இனிமேல் தன் கை படாமல் விரியாது என்று குடை ரிப்பேர்க்காரர் ஒரு மழைக்காலைப் பொழுதில், கடை வாசலில் பல் துலக்கியபடியே அறிவித்தார். அதன்படியே நடந்தது. தெருவே மடங்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்து, அவர் கடைமுன் வரிசையில் நின்றது. அவர் விரலால் ஒரு தட்டு தட்டுவார். குடை டப்பென்று விரியும். கணக்கு வாத்தியாரே, "கொஞ்சம் பார்த்துத் தட்டுங்கண்ணே" என்று குழைந்தார். ரிப்பேர்க்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. தையற்காரர் டேப் வைத்துப் பார்த்ததில் நாலு விரற்கடை இடைவெளி இருந்தது.

பின்னறையில் அவர் மனைவி காளான் வளர்த்துக்கொண்டிருந்தாள். முதல் விளைச்சலைத் தருவதாக ஓட்டல் சமையல்காரரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அது தவறினால் அறை பழையபடி ஓட்டைக் குடைகளுக்குப் போய்விடும் என்பது புருஷன் பெண்டாட்டி ஒப்பந்தம். வைக்கோல் படுக்கையில் காளான் வித்தின் வெள்ளை நூல் பரவி முடிந்ததும், ஆவியில் அவித்து ஆறவைத்த மண்ணை அதன்மேல் தூவுவாள். அமுக்காமல், விரல் நுனியால் நிரவிவிடுவாள். நிரவும்போது வாய் ஏதோ முணுமுணுக்கும்.

"மண்ணுலயா போர்வை? தலையணை வேணாமா? அப்படியே ஒரு தாலாட்டு?" என்பார் அவர்.

"மூடினாத்தாங்க எட்டிப் பார்க்கணும்னு அதுக்குத் தோணும்" என்று சொல்லிச் சிரிப்பாள். அவர் ஜோக்குக்குச் சிரிக்கும் ஒரே ஜீவன் அவள்தான்.

முதல் படுக்கையில் மொட்டுகள் எட்டிப் பார்த்தன. குண்டூசித் தலை அளவில் அப்படியே நின்றுவிட்டன.

"நாய்க்குடையும் குடைதானே? நீங்கதான் வாயை விட்டீங்க. வந்து கொஞ்சம் கை வைங்க."

"நான் குடைக்காரன். காளானுக்குப் போர்வை போர்த்துற ஆயா இல்ல."

இதற்கு அவள் சிரிக்கவில்லை. அடுத்து அவர் அவசரமாகச் சொன்ன ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. "அறையை நீங்களே எடுத்துக்குங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு, சமையல்காரரிடம் இல்லையென்று சொல்லிவரக் கிளம்பினாள். அவர் கால் பொத்தென்று தரையில் விழுந்தது.

தெருமுனையில் அவள் தலை மறைந்ததும் பின்னறைக்குள் நுழைந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு மொட்டைத் தொட்டார். படுக்கை மொத்தமும் ஒரே மூச்சில் விரிந்து, தகரக் கூரையை ஒரு முழம் மேலே தூக்கி அங்கேயே நிறுத்தியது. காற்றோட்டம் நன்றாக இருந்ததால் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. இன்னும் மண் போடாத படுக்கைகள் மூலையில் வெறும் உடம்போடு கிடந்தன. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

பாதி வழியிலேயே திரும்பிப் பார்த்துவிட்ட அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "என்னங்க! கூரை ஏன் அங்க..."

குடைக்காரர் கடைசிப் படுக்கையின் ஓரத்தை விரல் நுனியால் நிரவியபடி, திரும்பாமலே சொன்னார்:

"கத்தாத. இப்பத்தான் கண் அசந்துச்சு."