பதினேழாம் எண் துளி

2006 பிப்ரவரி 18, சனிக்கிழமை காலை, பசுமலையில் ஒரு தனியார் கல்லூரி அரங்கில், கைக்குள் அடங்கும் புற்றுநோய் மரபணுச் சோதனைக் கருவி ஒன்று நிதிக்குழுவின் முன் இயக்கிக் காட்டப்பட்டது.

கருவியை உருவாக்கிய தேவிகா, ஹம்சவேணியின் பள்ளித் தோழி. ஒரே தெரு, வீட்டில் ஒரே சௌராஷ்டிரப் பேச்சு. ஹம்சவேணியின் அம்மா மார்புப் புற்றுநோயில் இறந்தவள். அதனால்தான் போன வருடம் கருவியைச் சோதிக்கத் தேவிகா ஹம்சவேணியிடம் ரத்தம் கேட்டாள்.

"ஏதாச்சும் இருந்தா மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்," என்று கையை நீட்டினாள் ஹம்சவேணி.

"ஒங்கிட்டச் சொல்லாம யாருகிட்டடி சொல்லப் போறேன்?"

குழாயில் ஒட்டிய எண் பதினேழு. ஹம்சவேணியின் வீட்டுக் கதவு எண்ணும் அதுதான் என்று இருவரும் சிரித்தார்கள். பிறகு தேவிகா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்று ஹம்சவேணி எடுத்துக்கொண்டாள். தை மாதம் அவளுக்குப் பாலமுரளியோடு நிச்சயம் நடந்தது.

அரங்கின் முன்வரிசையில் பாலமுரளியின் அப்பா ராஜாராம் இருந்தார். சிம்மக்கல்லில் நூல் வியாபாரம். கல்லூரிக்கு நன்கொடை கொடுப்பவர். "என்ன மருமகளே, மாமனாரையும் சோதிச்சுப் பாக்கச் சொல்லுவியா?" என்று உள்ளே வரும்போதே கேலி செய்திருந்தார்.

"பதினேழாம் எண்," என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தேவிகா ஒரு துளி வைத்தாள். நோய் மரபணு இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஹம்சவேணி எழுந்து மேடையோரம் போனாள். "அது என்னோடதா?"

பஸ்ஸிலோ கடையிலோ அடுத்தவருக்குப் புரியக் கூடாததை இருவரும் வீட்டு மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில், குரலைக்கூடத் தாழ்த்தாமல், தேவிகா அதிலேயே பதில் சொன்னாள்.

"ஒன்னோடதுதான். பயப்படாத, இது இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல. தீபாவளிக்கு முன்னாடியே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா இந்த மேடையில ஒன் ரத்தத்தைத் தொடவே விட்டிருக்க மாட்ட. ஒவ்வொரு தடவையும் தப்பாம சிவப்பு எரியுறது ஒன்னோடதுக்கு மட்டுந்தான்டி."

ராஜாராம் திரும்பிப் பார்த்தார். அரங்கில் அந்த மொழி தெரிந்த மூன்றாவது ஆள் அவர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஹம்சவேணியைக் கடந்து வெளியே போனார். இந்த முறை மருமகளே என்று கூப்பிடவில்லை.

புதன்கிழமை அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து நிச்சயச் சேலையைக் கேட்டு வாங்கிப் போனார். மார்ச்சில் கருவிக்கு நிதி கிடைத்தது. அதே மாதம் ஹம்சவேணி தனியாகப் போய் மார்பைப் பரிசோதித்துக்கொண்டாள். கட்டி எதுவும் இல்லை.