சப்போர்ட் தம்பியை வேலையை விட்டு நீக்கிய கதை

ஒரு கம்பெனியில் ஐந்து பேரை ஒரே நாளில், ஒரே வீடியோ காலில் வேலையிலிருந்து தூக்கினார்கள். தூக்கியவர்களைத் திட்டித் தீர்த்த கையோடு ஐவரும் சேர்ந்து சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். பல் மருத்துவமனைகளுக்கு அப்பாயிண்ட்மெண்ட் போட்டுக்கொடுக்கும் மென்பொருள். லோகோவுக்கே மூன்று வாரம் சண்டை போட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராக நால்வருக்கு வேறு வேலை கிடைத்தது. "மச்சான், தப்பா எடுத்துக்காதடா" என்று நழுவினார்கள். மிஞ்சியது அவன் ஒருவன். எங்கும் வேலை கிடைக்காததால் முதலாளியானவன்.

படுக்கையறைதான் ஆபீஸ். அடித்தொண்டையில் பேசினால் அவன் எம்.டி., மூக்கால் பேசினால் சப்போர்ட் தம்பி. அவனுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர், மூன்று கிளினிக் வைத்திருந்த ஒரு பல் டாக்டர். இரண்டு குரலையும் அவர் முழுசாக நம்பினார். அவரும் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

அன்று ஒரே நேரத்தில் ஒரே நாற்காலிக்கு இரண்டு நோயாளிகள் வந்துவிட்டார்கள். டாக்டர் போனில் காய்ச்சி எடுத்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத சப்போர்ட் தம்பி, "ஒருத்தனே எத்தனை வேலையத்தான் சார் பார்ப்பான்?" என்று கத்திவிட்டான். பத்தே நிமிடத்தில் டாக்டர் எம்.டி.யைக் கூப்பிட்டார்.

"அந்தத் தம்பிய வேலைய விட்டுத் தூக்குங்க. இப்பவே லைன்ல கூப்பிட்டு, நான் கேக்கறப்பவே சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கே நான் வேற கம்பெனி பாத்துக்கறேன்."

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, சமையலறைக்கு ஓடி மனைவியின் போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அவளும் ஈரக் கையோடு பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள். அந்தப் போனையும் அழைப்பில் சேர்த்தான். ஒன்றில் பேசும்போது மற்றதைத் தலையணைக்கு அடியில் செருகினான்.

"தம்பி, நிறுவனத்தோட தேவைகள் மாறிடுச்சு. இன்னையோட உங்க பணி முடியுது," என்றார் எம்.டி. இதற்கு அவன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன் பழைய கம்பெனியில் அவனுக்குச் சொன்னதுதான்.

போனை மாற்றினான். "சரிங்க சார்" என்று முடித்திருக்கலாம். முடியவில்லை.

"பதினோரு வருஷம் சார். என் பொண்ணு பொறந்த அன்னிக்குக்கூட ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து வேலை பாத்தேன். நான் என்ன தப்பு செஞ்சேன், அதையாவது சொல்லுங்க. சம்பளத்த வேணும்னா குறைச்சுக்கோங்க. வீட்ல போய் என்னன்னு சார் சொல்லுவேன்?"

கம்பெனிக்கே ஒன்றரை வயதுதான். டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. மூக்குக் குரல் எப்போது போனதென்று அவனுக்கும் தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தான்.

எம்.டி. பதில் சொல்லியாக வேண்டும். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை மாற்றினான்.

"உங்க எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்."

மனைவியின் போனை அணைத்தான். டாக்டர் பெருமூச்சு விடுவது கேட்டது.

"பாவம்தான். ஆனா நீங்க கொஞ்சம்கூட அசையல பாருங்க, அதான் நிர்வாகம். அடுத்த வருஷமும் உங்ககிட்டதான். நாளைக்கு ஒரு புது ஆளப் போட்டுடுங்க."

கடை பிழைத்தது. அவனால்தான் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இவ்வளவையும் மனசுல வச்சிருந்தீங்களா? அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? எங்க எல்லார் மைக்கையும் அணைச்சுட்டுத்தான் பேசவே ஆரம்பிச்சாங்க."