சரசுவின் மஞ்சள் மூச்சு

சரசுவின் மூச்சு இளமஞ்சளாக மாறியது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு. மைசூரு ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டில் அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். முதலில் துடுப்பு தீப்பற்றியது, பிறகு களி. குடத்துத் தண்ணீர் சீறியது. நீச்சல் குளத்து மருந்தைவிடக் கூர்மையான வாடை தெருமுனை வரை போயிற்று. அவளுக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார், குழாயின் ரப்பர் எரிந்துபோகவே சோதனை அத்துடன் முடிந்தது. அன்று மாலை வீட்டுக்காரர் நஞ்சுண்டசாமி வாசலிலேயே நின்று, "மனெ காலி மாடி" என்று கன்னடத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

அந்த ஓராண்டில் அவர்கள் நான்கு வீடு மாறினார்கள். மாடி வீடுகள் ஒத்துவரவில்லை. அந்த மூச்சு காற்றைவிடக் கனமானது, படியிறங்கிக் கீழ்வீட்டுக்குப் போய்விடும். சரசுவால் ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை. நின்ற இடத்துச் சிமெண்டு பொரிந்தது, சாய்ந்த கதவு கருகியது, அதனால் நாளெல்லாம் நடந்தாள். கல்லூரியில் வேதியியல் படித்த மகள் அஷ்வினி, புத்தகங்களும் பாதிச் சடையும் எரிந்துபோன பிறகு விடுதிக்குப் போனாள். போகும்போது தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கணவர் ஆறுமுகசாமி மட்டும் போகவில்லை. முதல் மாதம் அவர் உடம்பெல்லாம் கொப்புளம். இரண்டாம் மாதம் தோலின்மேல் சவ்வு போல ஒன்று படிந்தது, அதற்குப் பிறகு எதுவும் அவரைச் சுடவில்லை.

அஷ்வினியின் ஆசிரியை பூங்குழலி ஒருநாள் நிக்கல் குழாயுடன் வந்தார். குழாயில் மூச்சைப் பிடித்து, ஆய்வகத்தில் திரவ நைட்ரஜனுக்குள் இறக்கினார். மூச்சு பளிச்சென்ற மஞ்சள் நீராயிற்று. ஃப்ளோரின்தான், சந்தேகமில்லை என்றார். இன்னும் இருபத்து நான்கு டிகிரி குளிர்ந்தால் கண்ணாடி போல் உறையும், அதற்கும் கீழே வெள்ளையாகக் கெட்டிப்படும், ஆனால் அவ்வளவு குளிர் தங்களிடம் இல்லை என்று வருத்தப்பட்டார். அது ஏன் எல்லாவற்றையும் எரிக்கிறது என்று அஷ்வினி கேட்டதற்கு, அதற்கு எதன்மேலும் கோபமில்லை, ஓர் எலக்ட்ரான் குறைகிறது, அதைத் தேடித்தான் எல்லாவற்றையும் பற்றுகிறது என்று விளக்கினார். நிக்கலை மட்டும் ஒருமுறை கடிக்கும், கடித்த இடத்தில் மெல்லிய தோல் படியும், அப்புறம் உள்ளே போகாது.

முலாம் பட்டறையில் வேலை பார்த்த ஆறுமுகசாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் நிக்கல் பூசிய கழிவுத் தகடுகளைக் கொண்டுவந்து ஓர் அறை கட்டினார். சுவர்கள் ஒருநாள் முழுக்கப் பொருமி அடங்கின. சரசு மட்டும் அடங்கவில்லை. நான்கு சுவருக்குள் எட்டெட்டு அடியாக நடந்துகொண்டே, "எல்லையில பாலாறு செக்போஸ்ட்டத் தாண்டிக் காட்டுக்குள்ள போயிர்றனுங்க" என்றாள்.

"காடு எரிஞ்சு போகும் சரசு."

"அப்ப நான் எங்கதானுங்க போவேன்?"

ஆறுமுகசாமி மகளுக்குப் போன் செய்து, சரசு கேட்டதை அப்படியே சொன்னார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அஷ்வினி வந்தாள். முகத்துணி இல்லை, கையுறை இல்லை. அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சரசு வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒண்டினாள். விரலிடுக்கில், "அக்கட்டால போ கண்ணு" என்றாள்.

"போகல்லம்மா" என்றாள் அஷ்வினி, மைசூருக் கன்னடம் கலந்த தமிழில்.

"உன்ற மூஞ்சி வெந்துரும்."

"அப்பாவுக்கு ஒரு மாசம் வெந்துச்சு. எனக்கும் வேகட்டும். பரவாகில்ல."

சரசு மூச்சைப் பிடித்துக்கொண்டே நின்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண் சிவந்தது. வெளியே ஆறுமுகசாமி கதவில் காதை வைத்திருந்தார். அஷ்வினி கிட்டே போய், தாயின் கைகளை ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.

"மூச்சு விடும்மா."

சரசு விட்டாள்.

கன்னத்தில் கொப்புளம் எழும்பியபோது அஷ்வினி பல்லைக் கடித்தாள், விலகவில்லை. இருபத்தாறு நாள் வேதனை, இருபத்தேழாம் நாள் சவ்வு படிந்தது. சரசு இன்னும் உட்காருவதில்லை. காலை ஆறு மணிக்குத் தாயும் மகளும் ரிங் ரோட்டோரம் வேகமாக நடக்கிறார்கள், கணுக்காலளவு மஞ்சள் மூச்சு கூடவே வருகிறது. எதிரே நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் ஓரமாக ஒதுங்கி, காபி ஆயிற்றா என்று கன்னடத்தில் வழக்கம்போல் விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.